தலைக்கு வந்தது தலைப்பாகையோடு

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. வரவிருந்த பேராபத்து ஒன்று சிறிய இழப்போடு நீங்கிவிட்டால் நம் பாட்டிமார் இப்படிச் சொல்லி, சிலுவை அடையாளம் வரைந்து ஆண்டவருக்கு நன்றி கூறுவர். தலைப்பாகை போனால் வேறு துணி வாங்கிக்கொள்ளலாம். தலை போனால் யார் தருவார்? மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுத வந்த நாங்கள் தலைப்பாகையில் தொடங்குவது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால் வாகனப் பொறியியல் வல்லுநர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கண்ட உண்மைகளுள் தலையாயது இப்பழமொழிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இதைப் பற்றி நாங்கள் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு துயரம். சென்ற ஆண்டு காலை வழிபாட்டில் எங்கள் தோழி ஒருத்தியின் தந்தைக்காகச் செபித்தோம். இரவு வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த அவர், சாலையோரம் விளக்கின்றி நின்றிருந்த ஒரு லாரியின் பின்புறத்தில் மோதி உயிர் நீத்தார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது அங்கே கூடியிருந்தவர்களுள் சிலர், "விதி முடிந்துவிட்டது" என்றனர். வேறு சிலர், "ஆண்டவருடைய சித்தம்" என்றனர். ஆறுதலுக்காகச் சொன்ன சொற்களே அவை. ஆயினும் எங்கள் தோழி தலையைக் குனிந்துகொண்டு, "லாரிக்குப் பின்னாலே ஒரு சிவப்பு விளக்குகூட இல்லையாம்" என்று மட்டுமே எங்களிடம் சொன்னாள். பின்னர் மறைக்கல்வி வகுப்பில் இதைப் பற்றிச் சிஸ்டரிடம் கேட்டோம். மனிதர் செய்யத் தவறியதை எல்லாம் கடவுளின் தலையில் சுமத்துவது பக்தி ஆகாது என்று சிஸ்டர் கூறினார். அப்படியானால் மனிதர் செய்யக்கூடியது என்ன? இக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மோட்டார் வாகனங்களின் வரலாற்றைப் புரட்டினால் தொடக்கத்திலேயே இரு பெண்மணிகளைச் சந்திக்கிறோம். முதலாமவர் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த மேரி வார்டு. பெண்களுக்குப் பல்கலைக்கழகங்கள் கதவடைத்திருந்த காலத்தில், தாமே கற்று, நுண்ணோக்கியின் வழியே கண்டவற்றை வரைந்து நூல் எழுதிய அறிவியலாளர் அவர். 1869-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், தம் உறவினர் உருவாக்கிய நீராவி வண்டியில் சென்றபோது, ஒரு திருப்பத்தில் தூக்கியெறியப்பட்டு அவ்வண்டியின் சக்கரத்தின் கீழேயே விழுந்து இறந்தார். இயந்திர வண்டியால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அவருடையதே என்பர்.

இரண்டாமவர் பிரிட்ஜெட் டிரிஸ்கால். 44 வயதுத் தாயாகிய இவர், 1896 ஆகஸ்டு 17-ஆம் நாள் தம் மகளோடு கத்தோலிக்க மதுவிலக்குச் சங்கம் ஒன்றின் விழாவுக்காக லண்டனிலுள்ள கிரிஸ்டல் பேலஸ் பூங்காவிற்கு நடந்து சென்றார். அங்கே மக்களுக்குக் காட்டுவதற்காக ஓட்டப்பட்ட மோட்டார் வண்டி ஒன்று அவர்மீது மோதியது. வண்டி மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் வந்தது என்று ஓட்டியவர் சாட்சி சொன்னார். இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நடவாதிருக்க வேண்டும் என்று விசாரணை அதிகாரி தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அந்த நல்ல மனிதரின் விருப்பம் நிறைவேறவில்லை என்பதை நாம் அறிவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் 1,68,491 பேர் மாண்டனர்; தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர்.

ஒருவர் வண்டிக்குள் இருந்தவர். மற்றவர் வண்டிக்கு வெளியே நடந்து சென்றவர். நல்ல வாகனம் என்பது இவ்விருவரையும் காக்க வேண்டும். இதுவரை மனிதர் அதற்காகச் செய்தது என்ன என்பதைக் காண்போம்.

விபத்து என்றதும் ஓட்டுநரைக் குறை கூறுவதே நம் வழக்கம். குடித்துவிட்டு ஓட்டினார், தூங்கிவிட்டார், வேகமாக வந்தார் என்கிறோம். அவை தவறுகளே, அவற்றைச் சட்டமும் மனச்சாட்சியும் தண்டிக்கட்டும். ஆனால் தவறே செய்யாத மனிதர் உலகில் இல்லை. ஒரு நொடி கவனம் சிதறுவது எவருக்கும் நேரும். அந்த ஒரு நொடிக்கு மரணமா தண்டனை? கத்தியைச் செய்கிறவர் அதற்குப் பிடி போடுகிறார். கிணறு வெட்டுகிறவர் கைப்பிடிச் சுவர் எழுப்புகிறார். அவ்வாறே வண்டியைச் செய்கிறவரும் தவறு நேரும் என்பதை முன்னறிந்தே செய்ய வேண்டும் அல்லவா?

இப்படி முதலில் சிந்தித்தவர்களுள் ஒருவர் ஹியூ டிஹேவன் என்னும் அமெரிக்கர். முதல் உலகப் போர்க் காலத்தில் கனடாவில் விமானப் பயிற்சி பெற்றபோது, இரண்டு விமானங்கள் வானில் மோதிக்கொண்ட விபத்தில் அவர் உயிர் தப்பினார். தாம் பிழைத்தது எதனால் என்று எண்ணத் தொடங்கியவர், மிக உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1942-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். விழுந்தவரைத் தாங்கிய பொருள் சில அங்குலங்கள் அமுங்கிக் கொடுத்தாலும் போதும், உயிர் தங்குகிறது என்று அவர் கண்டார். உடையும் பொருளைப் பெட்டியில் வைத்து அனுப்பும்போது எடுக்கும் கவனத்தை மனிதனை வண்டியில் ஏற்றும்போதும் எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இதைச் சோதித்துப் பார்க்க எங்களுக்கு ஆவல் பிறந்தது. இயற்பியல் ஆசிரியையின் அனுமதியோடு இரண்டு முட்டைகளை எடுத்துக்கொண்டோம். ஒன்றைக் கெட்டியான தகர டப்பாவினுள் வைத்து மூடினோம். மற்றதை உமி நிரப்பிய அட்டைப்பெட்டியின் நடுவில் வைத்தோம். இரண்டையும் முதல் மாடியிலிருந்து கீழே போட்டோம். டப்பா சிறு நெளிவோடு தப்பியது. உள்ளே முட்டை கூழாகக் கிடந்தது. அட்டைப்பெட்டியின் மூலை அடியோடு நசுங்கிவிட்டது. முட்டையோ முழுதாக இருந்தது! "அந்தக் காலத்து வண்டி இரும்புக் கோட்டை, மோதினாலும் ஒன்றும் ஆகாது" என்று பெரியவர்கள் புகழக் கேட்டிருக்கிறோம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த அடி எங்கே போயிற்று? உள்ளே இருந்தவர் மீது அல்லவா இறங்கியிருக்கும்?

கணக்கும் இதையே சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் செல்பவர் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால் அவர் உடல்மீது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 100 மடங்கு விசை தாக்கும். 60 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தப்பட்டால் அது ஏறக்குறைய 16 மடங்காகக் குறைகிறது. வேறுபாடு அரை மீட்டர்தான். ஆனால் அந்த அரை மீட்டரில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

அந்த அரை மீட்டரை வண்டிக்குள் அமைத்துக் காட்டியவர் ஆஸ்திரியாவில் பிறந்த பேலா பரேனி என்னும் பொறியியல் அறிஞர். ஜெர்மனியில் மெர்சிடிஸ் கார்களைச் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், காரின் நடுப்பகுதி மட்டும் கெட்டியான கூடுபோல இருக்க வேண்டும், முன்பகுதியும் பின்பகுதியும் மோதும்போது மடிந்து நசுங்க வேண்டும் என்றார். அடியை முன்பகுதி வாங்கிக்கொள்ளும். நடுவிலுள்ள மனிதர் பிழைப்பார். 1951-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இம்முறை, 1959-இல் விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் காரில் முதன்முதல் இடம்பெற்றது. பழமொழியின் தலைப்பாகை இதுதான்! வண்டியின் மூக்கு போகிறது. மனிதனின் தலை தப்புகிறது.

ஆனால் வண்டி மெதுவாக நின்றாலும், உள்ளே இருப்பவர் வண்டியோடு சேர்ந்து நின்றால்தானே பயன்? அதற்கு உதவுவது இருக்கைப் பட்டை. ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் போலின் முதலில் போர் விமானங்களில் விமானியை வெளியே தள்ளிக் காப்பாற்றும் இருக்கைகளை வடிவமைத்தவர். பின்னர் வால்வோ நிறுவனத்தில் சேர்ந்து, 1959-இல் மூன்று இடங்களில் பொருத்தப்படும் பட்டையைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு இருந்த பட்டைகள் பெரும்பாலும் இடுப்பை மட்டும் பிணைத்து, வயிற்றுக்குக் கேடு விளைவித்தன. போலினின் பட்டையோ உடலின் வலிய எலும்புகளாகிய இடுப்பெலும்பின் மீதும் மார்புக்கூட்டின் மீதும் சுமையைப் பரப்புகிறது. ஒரே கையால் மாட்டிக்கொள்ளலாம். இதைவிட எங்களைக் கவர்ந்தது வேறொரு செய்தி. இக்கண்டுபிடிப்பை வால்வோ தனக்கென்று பூட்டி வைக்காமல், மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வழிவிட்டது. பெருஞ்செல்வம் ஈட்டக்கூடிய ஒன்றை உலகத்தோடு பகிர்ந்துகொண்ட இச்செயல், பிறரன்பு ஆலயத்தில் மட்டுமின்றித் தொழிற்சாலையிலும் பூக்கும் என்பதற்குச் சான்று.

மாணவியராகிய நாம் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. கார்களை மோதிப் பார்க்கும் சோதனைகளில் மனிதருக்குப் பதிலாகப் பொம்மைகளை அமர்த்துவர். பல்லாண்டு காலம் அப்பொம்மைகள் நடுத்தர உடல்வாகுள்ள ஓர் ஆணின் அளவிலேயே செய்யப்பட்டன. பெண் பொம்மை என்று வைத்தவையும் பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சிறிதாக்கியவையே. பட்டை அணிந்த ஓட்டுநர்களை ஒப்பிட்டு 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஒத்த விபத்துகளில் ஆண்களைவிடப் பெண்கள் கடுங்காயம் அடையும் வாய்ப்பு 47 விழுக்காடு மிகுதி என்று கண்டது. இக்குறையைத் தீர்க்க முனைந்தவரும் ஒரு பெண்ணே. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் அஸ்ட்ரிட் லிண்டர் தலைமையில், சராசரிப் பெண்ணின் உடலமைப்பு கொண்ட 162 சென்டிமீட்டர் உயரச் சோதனைப் பொம்மை 2022-இல் அறிமுகமாயிற்று. தோழியரே, வடிவமைக்கும் மேசையில் பெண்கள் இல்லாவிட்டால் வடிவத்திலும் பெண்கள் இடம்பெற மாட்டார்கள். பொறியியல் ஆண்களின் படிப்பு என்று யாரேனும் சொன்னால் இதை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள்.

இதுவரை சொன்னவை மேரி வார்டைப் போல வண்டிக்குள் இருப்பவர்களுக்கு உரியவை. இனி பிரிட்ஜெட் டிரிஸ்காலின் பக்கம் திரும்புவோம். நம் நாட்டில் இதுவே பெரிய பக்கம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களுள் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். ஏறத்தாழ 33,000 பேர் நடந்து சென்றவர்கள். ஆண்டுதோறும் வேளாங்கண்ணி மாதா திருவிழாவிற்குக் காவி உடுத்திச் சாலையோரமாக இரவும் பகலும் நடந்து செல்லும் பக்தர்களை நினைத்துப் பார்க்கிறோம். காரின் காற்றுப்பை அவர்களைக் காக்காது. அவர்களைக் காக்க வேண்டியது, எதிரே வரும் வண்டியின் நல்ல விளக்கும், நல்ல பிரேக்கும், முன்பகுதியின் வடிவமும்தான்.

முன்பகுதியும் மென்மையாகச் செய்யத்தக்கதே. காரின் பானெட்டுக்கும் அதன் அடியிலுள்ள எஞ்சினுக்கும் இடையே சிறிது வெற்றிடம் விட்டால், மோதப்பட்டவரின் தலை இரும்பில் இடிக்காமல் தகட்டோடு அமுங்கி நிற்கும். ஐரோப்பாவில் 1997 முதல் கார்களைச் சோதித்து மதிப்பிடும்போது நடந்து செல்வோருக்கு நேரும் காயத்தையும் கணக்கில் எடுக்கின்றனர். நம்மவர் சிலரோ காரின் முன்னே அழகுக்காகத் தடித்த இரும்புக் கம்பிகளைப் பொருத்திக்கொள்கிறார்கள். அது மென்மையாக்கிய முகத்துக்கு முன் சம்மட்டியைக் கட்டுவது போலாகும். வண்டியின் முன்பகுதி முறையாக நசுங்குவதையும் அது கெடுக்கும். இக்கம்பிகளைப் பொருத்துவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

இருசக்கர வண்டிகளில் திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இறுகி, வண்டி சறுக்கி விழுகிறது. மழைக்காலச் சாலையில் இதை நாம் பார்த்திருக்கிறோம். ஏ.பி.எஸ். என்னும் கருவி, சக்கரம் இறுகப்போவதை உணர்ந்து பிரேக்கை நொடிக்குப் பன்முறை விட்டு விட்டுப் பிடிக்கிறது; வண்டி நிமிர்ந்தபடியே நிற்கிறது. 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் இது கட்டாயமாயிற்று. சிறிய வண்டிகளுக்கு, இரு சக்கரங்களையும் ஒருசேரப் பிடிக்கும் பிரேக் கட்டாயமாயிற்று.

பெண்களுக்கு உரிய எளிய கருவி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சு நாட்டில் காரில் சென்றபோது, அவர் கழுத்தில் அணிந்திருந்த நீண்ட துகில் சக்கரத்தில் சிக்கியதால் உயிரிழந்தார். சேலை முந்தானையும் துப்பட்டாவும் அணியும் நமக்கு இது வெறுங்கதை அன்று. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்புத் தகடும், பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. நாம் "சாரி கார்டு" என்று சொல்வது இதைத்தான். அழகைக் கெடுக்கிறது என்று எங்கள் அண்ணன்மார் சிலர் அதைக் கழற்றி வைக்கிறார்கள். அண்ணா, அது உங்கள் தங்கையின் கழுத்துக்கான காப்பு. தயவுசெய்து திரும்ப மாட்டிவிடுங்கள்.

எங்கள் தோழியின் தந்தையை நினைக்கும்போது, லாரியின் பின்புறத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாரியின் உடல் தரையிலிருந்து உயரமாக இருப்பதால், பின்னால் மோதும் சிறிய வண்டி அதன் அடியில் புகுந்துவிடுகிறது. அடி நேரே தலையில் விழுகிறது. 1967-இல் அமெரிக்க நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்டு இவ்வாறே இறந்தார். பின்னிருக்கையில் இருந்த அவருடைய மூன்று குழந்தைகள் பிழைத்தனர். டிரக்குகளின் பின்னே தாழ்வாகப் பொருத்தும் தடுப்புக் கம்பி அந்நாட்டில் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நம் நாட்டு விதிகளும் கனரக வாகனங்களுக்குப் பின்புறமும் பக்கவாட்டிலும் இத்தடுப்புகளைக் கேட்கின்றன; ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகளையும் கேட்கின்றன. நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கான லாரிகளுக்குப் பாடி கட்டுகிறார்கள். அங்கே வெல்டிங் செய்யும் தொழிலாளி ஒருவர் அக்கம்பியை உறுதியாகப் பொருத்தும்போது, தாம் என்றும் பார்க்கப்போகாத ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமல் காக்கிறார்.

இவை எல்லாம் பணக்கார நாடுகளுக்கே ஆகும் என்று சிலர் எண்ணலாம். 2014-இல் நம் நாட்டில் விற்ற ஐந்து சிறிய கார்களை ஓர் அனைத்துலக அமைப்பு மோதிச் சோதித்தபோது, ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. ஆனால் 2018 டிசம்பரில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட டாட்டா நெக்ஸான் கார், அதே அமைப்பிடம் 5 நட்சத்திரம் பெற்றது. 2022 தொடக்கம் முதல் புதிய கார்களின் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2023 அக்டோபர் முதல் "பாரத் என்கேப்" என்னும் நம் நாட்டுச் சோதனை முறையே நட்சத்திரம் வழங்குகிறது. பத்தாண்டுகளுக்குள் இவ்வளவு மாற்றம் நிகழ்ந்தது எதனால்? சட்டம் கேட்டது, மக்களும் கேட்டனர்.

சாலையில் ஓர் உயிர்கூடப் போகலாகாது என்பதையே 1997-இல் ஸ்வீடன் பாராளுமன்றம் நாட்டின் குறிக்கோளாக ஏற்றது. அவ்வாண்டு அங்கே சாலையில் 500 பேருக்கு மேல் இறந்தனர். 2022-இல் அத்தொகை 230-க்கும் குறைந்தது. வாகனங்களோடு சாலைகளையும் திருத்தியதால் கிடைத்த பலன் இது. விதி ஸ்வீடனில் ஒன்றாகவும் தமிழ்நாட்டில் வேறாகவும் இருக்குமா? இருக்காது. வேறுபடுவது மனிதரின் முயற்சியே.

பெற்றோரே, வண்டி வாங்கச் செல்லும்போது விலை என்ன, மைலேஜ் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். இனி, எத்தனை நட்சத்திரம், பிரேக் எப்படி என்றும் கேளுங்கள். பின்னிருக்கையில் இருக்கும் எங்களுக்கும் பட்டை மாட்டச் சொல்லுங்கள். தலைக்கவசத்தை வண்டியில் தொங்கவிடாமல் தலையில் அணியுங்கள். பள்ளிக்கு எங்களை ஏற்றி வரும் வேன்களின் கதவையும் பிரேக்கையும் பின்விளக்கையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். தோழியரே, கணிதமும் இயற்பியலும் தேர்வுக்கு மட்டுமே என்று எண்ணாதீர்கள். ஒரு சமன்பாட்டைச் சரியாகப் போடுவதால் ஒருவர் இரவில் வீடு திரும்பக்கூடும்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டி, தன் விலங்கின்மீது ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியனின் கதையைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அவன் அடிபட்ட பின் வந்து உதவினான். நல்ல வண்டியை வடிவமைப்பவர் அடிபடும் முன்பே வந்து நிற்கும் சமாரியர். காக்கப்பட்டவருக்கு அவர் பெயர் தெரியாது. நன்றி சொல்லவும் மாட்டார். அத்தகைய நல்லோர் எங்கள் பள்ளியிலிருந்தும் பலர் தோன்ற வேண்டும் என்பதே எங்கள் ஆசை. எங்கள் தோழியோடு சேர்ந்து நாங்கள் ஏறெடுக்கும் செபமும் அதுவே.